ராஜாவுக்குக் கீழே படுக்காத ஜாக்கி

இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் என்னோடு விடுதி அறையைப் பகிர்ந்துகொண்ட அஜிதா சொன்னது இது. அவளும் தொடக்கத்தை மட்டும்தான் பார்த்தாள். மீதியை அவள் அம்மா பிரேமகுமாரி போனில் சொல்லக் கேட்டிருக்கிறாள். அம்மா சொன்னதில் நடந்தது எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பிரித்தெடுக்க நான் முயன்றேன். பிரிக்கப் பிரிக்கக் கோபம்தான் கூடுதல் உண்மையாக இருந்தது.

குமரி மாவட்டத்தில், கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் முந்திரித் தொழிற்சாலையை அண்டியாபீஸ் என்பார்கள். ஓட்டோடு இருக்கும் கொட்டைதான் அண்டி. வறுத்த அண்டியைக் கல்லில் வைத்து மரக்கட்டையால் தட்டி, பருப்பு நொறுங்காமல் எடுப்பது பெண்களின் வேலை, அதற்குத் தல்லுவது என்று பெயர். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் என்பதால் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை தரையில் குந்தியிருப்பார்கள்; மத்தியானம் மணியடித்ததும் கஞ்சி குடிப்பார்கள், குடித்த கை காய்வதற்குள் சீட்டைப் பிரிப்பார்கள், மறுபடி மணியடிக்கும்வரை அந்தக் கொட்டகையில் முதலாளியும் இல்லை மேனேஜரும் இல்லை, சீட்டு மட்டும்தான் இருக்கும்.

அவர்கள் ஆடுவது இருபத்தெட்டு. நாலு பேர் ஆட வேண்டும், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. ஒருவர் கிளாவர் இறக்கினால் மற்றவர்களும் கிளாவர் இறக்க வேண்டும், பெரிய சீட்டு நாலையும் அள்ளிக்கொள்ளும், அப்படி அள்ளுவதற்குப் பிடி என்று பெயர். இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டு ராஜா அல்ல. ஜாக்கி. ராஜாவுக்கு எடுபிடியாக நிற்கிற அந்த ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேலே, அவனுக்கு மூன்று புள்ளி; அடுத்தது ஒன்பது, அதன் பிறகு ஆஸ், அதன் பிறகு பத்து. ராஜாவுக்கும் ராணிக்கும் புள்ளியே கிடையாது. கையில் ராஜா வந்தால் "சவம் வந்திருக்கு" என்று முணுமுணுப்பதும், தோற்ற கட்சி அடுத்த ஆட்டத்தை ஜெயிக்கிறவரை காதில் பிலாவிலையை, அதாவது பலா இலையை, சுருட்டிச் செருகிக்கொண்டு வேலை பார்ப்பதும் அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தராமலே எல்லோருக்கும் தெரிந்தவை.

இதில் பிரேமகுமாரி சேர்த்தது ஒன்று உண்டு. மணி பாதி ஆட்டத்தில் அடித்துவிடும். யார் ஜெயித்தது என்று சாயங்காலம்வரை சண்டை ஓடும். அதனால் மணியடிக்கும் நேரத்தில் தரையில் கிடக்கிற பிடிக்கு இரட்டைப் புள்ளி என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு ஆட்டமே மாறிப்போனது. தோற்றுக்கொண்டிருக்கிறவள் கடைசிவரை தோற்றவள் ஆகமாட்டாள், ஜெயிக்கிறவள் மணிக்குப் பயப்படுவாள், நல்ல சீட்டை எப்போது இறக்குவது என்று காதால் யோசிக்க வேண்டும். அதற்கு மணிப்பிடி என்று பெயர் வந்து, பக்கத்து ஊர் ஆபீஸ்களுக்கும் பரவிவிட்டது.

நிரஞ்சன் என்கிற இளைஞன் பெங்களூரிலிருந்து வந்தது இதைப் பார்க்கத்தான். பெட்டியில் போட்டு விற்கிற பலகை விளையாட்டுகளை உருவாக்குகிற கம்பெனி வைத்திருந்தான். பழைய சீட்டாட்டங்களைப் புதிதாக்கிக் கொடுப்பது அவர்கள் வேலையாம். நல்ல பையன், அக்கா அக்கா என்று கூப்பிட்டான், தரையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான், ஆட ஆடத் தோற்று, வந்த நாட்களில் பாதியை இரண்டு காதிலும் பிலாவிலையோடுதான் கழித்தான். மணிப்பிடியை யார் கண்டுபிடித்தது என்று கேட்டான். பிரேமகுமாரியின் பக்கத்தில் எப்போதும் உட்கார்கிற தங்கபாய், "இவளாக்கும். ராத்திரி கனவுலயும் மணியடிக்கும் இவளுக்கு" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டான்.

பிறகு வெகு காலம் கழித்து அஜிதா சென்னைக் கடை ஒன்றில் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் பெயர் 'அரசவை'. உள்ளே அரண்மனை வரைந்த பலகை, மரத்தில் செய்த சின்ன அரியணை, படிப்படியாக ஏற்றுகிற காய்கள், முப்பத்திரண்டு சீட்டு, பித்தளையில் அழகான ஒரு மணி. மணி எதற்கு என்று கேட்டதற்குக் கடைக்காரர், "நடுவுல அலாரம் மாதிரி அடிக்கும்மா, அப்ப விழுற பிடிக்கு டபுள் பாயிண்ட், செம ஐடியா" என்றார். "அது எங்கம்மாவோட ஐடியா" என்றாள் அஜிதா. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் சிரித்தார். அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். உருவாக்கியவர் நிரஞ்சன் என்று மட்டும் இருந்தது. அன்று இரவு விடுதியில் அவள் சாப்பிடவில்லை. அது எனக்கு நேரடியாகத் தெரியும், அவள் தட்டை நான்தான் கழுவினேன்.

பொங்கல் விடுமுறைக்கு அவள் அந்தப் பெட்டியை ஊருக்குக் கொண்டுபோனாள். மத்தியான மணி அடித்ததும் கொட்டகையில் பலகையை விரித்தார்கள். பிரேமகுமாரியும் தங்கபாயும் ஒரு கட்சி, சுலோசனாவும் வசந்தாவும் எதிர்க்கட்சி. சுலோசனா கிளாவர் ராஜாவை இறக்கினாள், தங்கபாயும் வசந்தாவும் சின்னச் சீட்டு போட்டார்கள். பிரேமகுமாரி யோசிக்காமல் கிளாவர் ஜாக்கியை அதன்மேல் போட்டுப் பிடியை அள்ளக் கையை நீட்டினாள். பக்கத்தில் விதிப் புத்தகத்தை வைத்திருந்த அஜிதா, "இல்லம்மா, இதுல ராஜாதான் மேல. ஜாக்கிக்குப் புள்ளியே இல்ல" என்றாள்.

"ஜாக்கிக்கு இல்லியா?" என்றாள் தங்கபாய். "பின்ன எதுக்கு அவன் நிக்கியான்?"

"பணியாள்னு போட்டிருக்கு."

பிடியை சுலோசனா எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் எடுக்கவில்லை, ஏனென்றால் அப்போது கிளாவர் ஜாக்கி சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று, சிவப்பும் மஞ்சளுமான உடுப்பில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு, "இனி நான் இவனுக்குக் கீழே படுக்கமாட்டேன்" என்று சொன்னார். நாற்பது வயது இருக்கும், மெல்லிய மீசை, கையில் ஓர் இலை. தரையில் கிடந்த சீட்டு இருபக்கமும் வெள்ளையாக இருந்தது.

சீட்டில் இருக்கிற ஜாக்கிக்கு மேலும் கீழுமாக இரண்டு தலை உண்டு என்பதை எல்லோரும் அறிவார்கள் ஆகையால், இன்னொரு தலை எங்கே என்று தங்கபாய் கேட்டாள். "அது இன்னும் ராஜாவுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன்" என்றார் அவர். நியாயமான பதிலாகத் தோன்றியதால் மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. வசந்தா அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள், மாங்காய் ஊறுகாயும் வைத்தாள்.

ஊரில் முதலில் எழுந்த கேள்வி அவர் எப்படி வந்தார் என்பதல்ல, எங்கே படுப்பார் என்பது. பிரேமகுமாரி வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்குகிற சாய்ப்பை ஒழித்துக்கொடுத்தாள். அடுத்த கேள்வி அவர் யார் ஆள் என்பது. கிளாவர் என்ற பெயரைக் கேட்டு இரண்டு கிறிஸ்தவ சபைக்காரர்கள் அவர் தங்கள் பிரிவுதான் என்றார்கள். தலைப்பாகையைப் பார்த்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் அப்படி இருக்க முடியாது என்றார்கள். அவர் கையிலிருந்த இலையைக் கட்சிக்காரர்கள் உற்றுப் பார்த்துவிட்டு அது தங்கள் இலை இல்லை என்று திரும்பிப் போனார்கள். அவருடைய உடுப்பை ஊறவைத்த வாளியில் சாயம் முழுக்க இறங்கிவிட, தங்கபாய் அந்தத் தண்ணீரை வீணாக்காமல் தன் வெளுத்த சேலையை முக்கி எடுத்துக்கொண்டாள், அது நன்றாகவே பிடித்தது. ஆதார் எடுக்க அழைத்துப் போனபோது அவர் விரல்களில் ரேகையே இல்லை. அண்டி தல்லுகிற பெண்களுக்கும் எண்ணெய் தின்று ரேகை போயிருக்கும், மெஷின் எடுக்காது, அடுத்த மாதம் வா என்பார்கள். அவரையும் அந்தப் பெண்களோடு ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், யாருக்கும் எதுவும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கு இந்த இடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. ஒரு மனிதர் சீட்டிலிருந்து எழுந்து வந்தது அதிசயமாம். ஐம்பது பெண்களின் கைரேகை அழிந்துபோனது அதிசயமில்லையாம்.

வேலைக்கும் வந்தார். ஆண்கள் அண்டியாபீஸில் வறுப்பார்கள், மூட்டை தூக்குவார்கள், தல்ல உட்காரமாட்டார்கள். அவர் பெண்களோடு உட்கார்ந்துகொண்டார். காலம் காலமாக ஓர் இலையைப் பிடித்தபடியே நின்றதால் வலது கை முழுதாக விரியாது, மரக்கட்டை அந்தக் கைக்குள் அளவெடுத்ததுபோல் பொருந்தியது. மூட்டைக்காரர்கள் கேலி செய்தார்கள். "நான் அரண்மனையில் நின்றே இருந்தவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை இதுதான் முதல்" என்றார். மத்தியானம் பெண்கள் தங்கள் பழைய அழுக்குச் சீட்டில் இருபத்தெட்டு ஆடும்போது அவர் ஆடமாட்டார், பக்கத்தில் இருப்பார். யாராவது ராஜாவின் தலையில் ஜாக்கியைப் போட்டு அள்ளினால் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். கொஞ்ச நாளில் பேச்சும் மாறியது. மழை வருமா என்று கேட்டால், "வருமாக்கும்" என்றார்.

இதற்கிடையில், விற்றுப்போன 'அரசவை'ப் பெட்டிகள் எல்லாவற்றிலும், விற்காமல் அடுக்கியிருந்தவற்றிலும்கூட, கிளாவர் ஜாக்கி இருந்த சீட்டு வெளுத்துவிட்டது. வாங்கியவர்கள் கம்பெனியைத் திட்டினார்கள். புதிதாக அச்சடித்தார்கள், மை காய்வதற்குள் அந்த ஒரு சீட்டு மட்டும் வெள்ளையானது. யாரோ அண்டியாபீஸில் எடுத்த போட்டோ சுற்றிச் சுற்றிக் கம்பெனிக்குப் போய்ச் சேர, ஒரு மத்தியானம் நிரஞ்சன் காரில் வந்து இறங்கினான்.

அவன் சத்தம் போடவில்லை. முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தான். "அக்கா, இவரை வரைஞ்சது எங்க ஆர்ட்டிஸ்ட். முறையா பதிவு பண்ணியிருக்கோம். இந்த முகம், மீசை, டிரெஸ் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். நான் கூட்டிட்டுப் போகணும்."

"உடுப்பு சாயம் போச்சு, இருந்தாலும் தாறோம்" என்றாள் தங்கபாய். "மீசைய அவரே செரச்சுத் தருவாரு. ஆளத் தரமாட்டோம்."

"அப்படிப் பிரிக்க முடியாதுக்கா."

"நீ பிரிச்சியே தம்பி. மணிய எடுத்திட்டு மணியடிச்சவள விட்டுட்டுப் போனியே."

அவன் முகம் சிவந்தது. பிறகு அவன் பிரேமகுமாரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான், அவளிடம் ஒன்றைச் சொல்லத்தான் அவன் வந்திருந்தான். ஜாக்கியைத் திரும்பச் சீட்டில் படுக்கச் சம்மதிக்க வைத்தால், அடுத்த அச்சிலிருந்து பெட்டியின் மேல்பக்கத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரும் வரும். சின்ன எழுத்தில் இல்லை, அவனுடையது எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக. மாதிரிப் பெட்டி ஒன்றைக்கூடச் செய்து கொண்டுவந்திருந்தான். அதை அவள் மடியில் வைத்தான். ஆட்டத்தை உருவாக்கியவர்கள்: நிரஞ்சன், பிரேமகுமாரி.

அவள் அஞ்சாம் வகுப்பு படித்தவள். ஆபீஸில் அவளுக்கு டோக்கன் நம்பர்தான் பெயர். ரேஷன் கார்டில் அவளைப் பிரேமகுமார் என்று ஆணாக்கி வைத்திருக்கிறார்கள், எத்தனையோ தடவை நடந்தும் மாறவில்லை. அவள் பெயர் பிழையில்லாமல், வழவழப்பான தாளில், பொன்னிற மையில் அச்சாகி அவள் மடியில் இருந்தது. சாம்பல் ஒட்டிவிடக்கூடாதென்று இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டே அதைப் பார்த்தாளாம். சென்னைக் கடையில் மகள் நின்றது அவளுக்குத் தெரியும். சிரித்த கடைக்காரரின் முன்னால் இந்தப் பெட்டியை மகள் வைக்கலாம், பேச வேண்டியதில்லை, வைத்தால் போதும்.

கட்டையைக் கீழே வைத்துவிட்டு ஜாக்கி எழுந்தார். "நான் போறேன் அக்கா. எனக்குப் படுத்துப் பழக்கம்தானே."

"நீரு இரியும்" என்றாள் அவள். நிரஞ்சனிடம் கேட்டாள்: "இவர மேலயும் ராஜாவக் கீழயும் மாத்துவியா?"

"முடியாதுக்கா. அரியணை செஞ்சாச்சு, அதுல ராஜாதான் உக்காரணும். அதுவுமில்லாம நாங்க ஆடவிட்டுப் பார்த்தோம். வேலைக்காரன் ராஜாவ ஜெயிச்சா எல்லாரும் குழம்புறாங்க."

"யாரு கொழம்பினது?"

"பெங்களூர்ல. சோதனைக்கு ஆடினவங்க."

"அவிய வீட்டுல வேலைக்கு ஆள் உண்டா?"

நிரஞ்சன் யோசித்தான். "இருக்கும்."

"அப்பம் கொழம்பத்தான் செய்வினும்."

சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரேமகுமாரி சிரிக்கவில்லை. "நான் ஒனக்கு இந்த ஆட்டத்த இஞ்ச உக்காத்தி வச்சு படிப்பிச்சேன். என்ன பறஞ்சேன்? மொதல் நாள் என்ன பறஞ்சேன்?"

"ஜாக்கிதான் மேலன்னு சொன்னீங்க."

"பின்ன எனக்க பேரு போட்ட பெட்டியில ராஜா மேல இருந்தா, நான் கள்ளம் படிப்பிச்சதா இருக்காதா? எனக்க பிள்ள அதக் கொண்டு போயி எவன்கிட்ட காட்டுவா?"

"அக்கா, பேர் வேணாமா? இதுக்கப்புறம் நான் கேக்க முடியாது. கம்பெனியில நான் மட்டும் இல்ல."

அவள் பெட்டியைத் தொடவில்லை. எழுந்து நின்றாள், மடியிலிருந்து அது வழுக்கி அண்டி ஓடுகளின்மேல் விழுந்தது. "வேணும்" என்றாள். "நல்லா வேணும். ஆனா இப்பிடி வேண்டாம்." பிறகு ஜாக்கியைப் பார்த்து, "எதுக்கு நிக்கியீரு? சாக்குல அண்டி கெடக்கு" என்றாள்.

நல்ல மனதோடு விட்டுக்கொடுத்தவள் என்று அவளை நான் காட்டினால் அது பொய். அன்று வீட்டுக்குப் போய் அவள் அழுதாள். ஒரு வாரம் ஜாக்கியோடு பேசவில்லை, கஞ்சியை நங்கென்று வைத்தாள், ஊறுகாய் வைக்கவில்லை. அவரும் அதை உரிமையோடு வாங்கிக் குடித்தார். ஊர் அதைவிட மோசம். அவரைத் தங்கள் ஆள் என்று இழுத்த சபைக்காரர்களும், இல்லை என்று தள்ளிய கமிட்டிக்காரர்களும் முதல் முறையாக ஒன்றாகச் சேர்ந்து, ஊர்ப் பெயர் வெளியே தெரிகிற ஒரே வாய்ப்பை ஒரு அண்டி தல்லுகிறவள் கெடுத்துவிட்டாள் என்று பேசினார்கள். ஒரு சீட்டுதானே, படுத்தால் என்ன, எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் ஒருவர்கூட மத்தியானம் ஆடும்போது ராஜாவுக்குப் புள்ளி கொடுத்ததில்லை. சீட்டில் எது நியாயம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எழுந்தபிறகு அதை அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜாக்கி இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்று அஜிதா சொல்கிறாள். ஆதார் இன்னும் வரவில்லை. அவர் தல்லிய பருப்பு உடைவதில்லை என்று மேனேஜருக்குத் திருப்தி, ஆனால் கூலியில் ஆண் கணக்கில் போடுவதா பெண் கணக்கில் போடுவதா என்று முடிவாகாததால் குறைவான கணக்கில் போட்டிருக்கிறார்.

இதையெல்லாம் எழுதத் தொடங்கியபோது, கேட்டதை மட்டும் வைத்து எழுதுவது சரியில்லை என்று எனக்குப் பயம் வந்தது. அதனால் போன சனிக்கிழமை கடைக்குப் போய் 'அரசவை' ஒன்றைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். புதிய பதிப்பு. உருவாக்கியவர் என்று ஒரே பெயர்தான் இருக்கிறது. வெள்ளைச் சீட்டு இல்லை, அதை நீக்கிவிட்டார்கள். உள்ளே முப்பத்தொரு சீட்டுகள். நாலு பேருக்குப் பகிர்ந்தால் மூன்று பேருக்கு எட்டும் ஒருவருக்கு ஏழும் வரும், கடைசிப் பிடியில் இறக்க அவரிடம் எதுவும் இருக்காது. அதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள். ஒரு சீட்டு குறைவாகக் கிடைத்தவர், கடைசிப் பிடியின்போது எழுந்து நின்று, மற்ற மூவருடைய சீட்டுகளையும் சேகரித்து அடுக்கித் தர வேண்டும். இன்னொரு கடையிலும் பார்த்தேன். அங்கும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.